மாப்பிள்ளை வீட்டு வெப்சைட்

எடப்புளி நாடு என்ற மலைக்கிராமத்து சுபாஷுக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் இருந்தது. சொந்தம் என்றால், பெயர் மட்டும். பாட்டை ஒரு கம்பெனி தந்தது. பாட்டின் வரிகளை இன்னொரு கம்பெனி. பாடகர்களின் படம் மூன்றாவது கம்பெனி. இவன் செய்ததெல்லாம் மூன்றையும் இழுத்து வந்து ஒரே பக்கத்தில் ஒட்டி, தலையில் பச்சை நிறத்தில் ‘மலைக்கானம்’ என்று எழுதியதுதான். ஓரத்தில் நாலாவது கம்பெனி விளம்பரம் போட்டது. யாராவது அதை அமுக்கினால் இவனுக்குக் காசு. அடுத்தவன் மாட்டில் பால் கறந்து அடுத்தவன் அடுப்பில் காய்ச்சிவிட்டு, டீக்கடை முதலாளி என்று சொல்லிக்கொள்கிற தொழில். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அப்பாவின் மரவள்ளிக் காட்டைவிட அதில் நன்றாகவே வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் முள்ளுக்குறிச்சி ரஞ்சிதாவைப் பெண் கேட்டான். ரஞ்சிதாவுக்குச் சம்மதம். அவள் அப்பா குழந்தைவேல் கட்டட மேஸ்திரி. எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். வீட்டையும் தொழிலையும் நேரில் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் சிமெண்ட் கடைக்கார உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். சுபாஷுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர் விடுமா? பெண்வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் அக்கம்பக்கத்தார் தங்கள் மாடுகளை ஓட்டிவந்து மாப்பிள்ளை வீட்டுக் கொட்டகையில் கட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். கொட்டகை நிறைந்து தெரிய வேண்டுமல்லவா! இவனுக்கு மாடு ஏது, வெப்சைட்தான். அதனாலென்ன, அதையும் நிறைத்துவிடுவோம் என்றார் அத்தை கண்ணாயி. அவர்கள் வருகிற அன்று விடிந்ததும் சொந்தபந்தம் மொத்தமும் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, விளம்பரத்தை அமுக்கு அமுக்கு என்று அமுக்கியது. படித்த பிள்ளை தடுத்தானா? தடுக்கவில்லை. ஏறுகிற எண்ணிக்கையைப் பார்த்துக் கண்கலங்கி, எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தான்.

குழந்தைவேல் வந்தார். சுபாஷ் லேப்டாப்பைத் திறந்தான். பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறுமையாக இருந்தது. இலவச அளவைத் தாண்டிவிட்டீர்கள், சேவையை நிறுத்திவிட்டோம் என்று பாட்டுக் கம்பெனி எழுதியிருந்தது. விளம்பரக் கம்பெனி, ஒன்றிரண்டு இடங்களிலிருந்தே இத்தனை அமுக்கல் மோசடி என்று சொல்லி, கணக்கையே மூடி, சேர்ந்த காசையும் முடக்கியிருந்தது. சுபாஷ் இரண்டையும் படித்துக் காட்டினான். ஒளிக்க வழியில்லாமல் தொழில் நடக்கும் விதத்தை ஒன்றுவிடாமல் சொன்னான்.

குழந்தைவேல் பொறுமையாகக் கேட்டார். “ஏனுங்க தம்பி, கல்லு ஒருத்தனுது, சிமெண்ட் ஒருத்தனுது, எடமும் ஒருத்தனுது. இதுல உங்களுது என்னங்க?”

“பேருங்க” என்றான்.

அந்த நேரம் பார்த்து கண்ணாயி பாறையிலிருந்து கூப்பிட்டார். “சாமி, தொறக்க மாட்டேங்குது. இன்னும் அமுக்கட்டுமா கண்ணு?”

குழந்தைவேல் நிமிர்ந்து பார்த்தார். பாறை முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு போன். விசாரித்தார், சுபாஷ் அதையும் சொன்னான். மனிதர் முகம் கறுத்துவிட்டது. போச்சு, ரஞ்சிதா சிமெண்ட் கடைக்குத்தான் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

“மாப்ள ஊட்டு ஆளுங்க அமுக்குனாங்க, செரி. எம் புள்ள ரஞ்சிதாவுக்கு என்னங்க வந்துச்சு? இன்னிக்கிக் கோழி கூப்புடறதுக்கு முந்தி எந்திரிச்சு, எங்கிட்ட வேல பாக்குற அத்தன பேரு போனையும் வாங்கி வெச்சு இதையேதான் அமுக்கிட்டிருந்துது. கேட்டா, அவருக்குக் கொறச்சலாத் தெரியக் கூடாதுங்குது.”

சுபாஷ் தலையைத் தூக்கினான். அவர் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“உங்க பொழப்பக் கெடுத்தது ரெண்டு ஊடும் சேந்துதானுங்க. இதுக்கு மேல சம்பந்தம் வேண்டாம்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?”