எழுபது மேசைகளில் ஒரு கோப்பை

மைனாட் நகரத்துப் பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் எழுபது மேசைகளில் இருந்த எழுபது காபிக் கோப்பைகளும் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரே கோப்பை ஆகிவிட்டன. பார்வைக்கு எழுபதாகத்தான் இருந்தன. ஆனால் வரவேற்பறைப் பெண்ணின் உதட்டுச்சாயம் எழுபதிலும் பதிந்தது. ஒருவர் கழுவினால் எழுபதும் நனைந்தன. ஊற்றிய காபி அவரவருடையது, வாயிலிருந்து வந்தது எல்லாருடையது என்பதை மதியத்துக்குள் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அதைப் புரியவைத்தது மேலாளர் கர்ட்டிஸ் ஓல்ஷெஃப்ஸ்கி. பாதிக் கோப்பை குடித்தபின் நாக்கில் ஏதோ நூல்நூலாகத் தட்டுப்படவே விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். மென்று துப்பிய புகையிலை. குப்பைக்கூடையைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தார்.

புகையிலை டுவெய்ன் கெஸலுடையது. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட வயல்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடும் வேலை அவனுக்கு. இளவயதிலிருந்தே கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சிட்டிகை ஈரப் புகையிலையை அடக்கிக்கொண்டே திரிந்தவன். வயலில் இருந்தால் மண்ணில் துப்புவான், அலுவலகத்தில் இருந்தால் கோப்பையில் துப்புவான். சாயந்திரம் அதைக் கழுவாமலே கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். மேசைமேல் பழுப்பு வளையம் ஒன்று நிரந்தரமாக இருந்தது. அடுத்த மேசைக்காரி மார்லிஸ் ட்வைட் வருடக்கணக்காக அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. ஆனாலும் காது இருக்கிறதே. அவன் நாக்கைச் சுழற்றி எச்சிலைக் கூட்டும் சத்தம் கேட்டாலே அவள் விசைப்பலகையை ஓங்கித் தட்டத் தொடங்குவாள்.

கோப்பைகளை ஒன்றாக்கியது மார்லிஸ்தான். கம்பெனியின் கோப்புகளையும் படங்களையும் சேமித்துவைக்கும் ஸ்டோரேஜ் பெட்டி முழுவதும் அவள் பொறுப்பு. அது அடித்தளத்து அறையில் இரைந்துகொண்டிருக்கும். அவள் அங்கே இறங்குவதேயில்லை. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எல்லாம் அங்கேயே. எந்தத் துறைக்கு எவ்வளவு இடம், எந்த டிஸ்க் சாகப்போகிறது, எதை நகல் எடுக்க வேண்டும். அந்தக் கோடையில் மூன்று முறை ஆலங்கட்டி கொட்டியது. சாய்ந்து கிடந்த ஒவ்வொரு கோதுமை வயலையும் படம் எடுத்து அனுப்பினார்கள். வந்த படத்தை ஒவ்வொருவரும் இன்னும் ஐந்து பேருக்கு அனுப்பினார்கள், ஐந்து பேரும் பத்திரமாகச் சேமித்தார்கள். பக்கத்தின் உச்சியில், எவ்வளவு இடம் நிரம்பியது என்று காட்டும் வட்டம் மஞ்சளாகி, சிவப்பானது.

“புது டிஸ்க் வேணும் கர்ட்டிஸ். இனிமே ஒரு படத்துக்குக்கூட இடமில்ல” என்றாள் மார்லிஸ்.

“அந்தப் பக்கத்துலயே ஏதோ வழி இருக்குமாமே? ஒரே மாதிரி இருக்கறதுல ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த எடுத்துடுமாம். அத டிக் பண்ணி விடுங்களேன்.”

“பண்ணலாம். ஆனா அப்புறம் வேண்டாம்னு தோணினா, எல்லாத்தையும் மறுபடி தனித்தனியாப் பிரிக்க இடம் வேணும். அந்த இடம் நம்மகிட்ட கிடையாது.”

“யாரு வேண்டாம்னு சொல்லப் போறா?” என்றார் கர்ட்டிஸ்.

அவள் டிக் செய்தாள். எதற்கெல்லாம் என்று பக்கம் கேட்டது. ‘எல்லாவற்றுக்கும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். மறுநாள் காலை வட்டம் பச்சையாகிப் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது. ஆண்டுவிழாவுக்கு எல்லாருக்கும் கொடுத்திருந்த கோதுமைக்கதிர் போட்ட வெள்ளைக் கோப்பைகள்தான் அந்த அலுவலகத்திலேயே அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தவை. அவற்றில்தான் அது தொடங்கியது.

காகிதக் கோப்பைக்கு மாறினார்கள். அவை இன்னும் அதிகமாக ஒன்றுபோல் இருந்தன. கூடுதலாக ஊறிக் கொழகொழத்தன. வீட்டிலிருந்து விதவிதமான கோப்பைகள் கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டியோ முழுப் பொருளையும் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகவே ஒப்பிடும். எவ்வளவு வித்தியாசமான கோப்பைக்கும் விளிம்பு ஒரே விளிம்புதானே. ஆக உடல் தனியாகவும் வாய்வைக்கும் இடம் பொதுவாகவும் போயிற்று. நவம்பரில் முள்கரண்டிகள் ஒன்றாயின. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு அவித்த ஹாட்டிஷ் கொண்டுவந்தவர்கள், தாங்கள் வாய் வைக்கும் முன்பே முள்ளிடுக்கில் யாரோ மென்ற நார் சிக்கியிருப்பதைப் பார்த்தார்கள். கழிப்பறைச் சோப்பு இரண்டு மாடிகளுக்கும் ஒன்றானது. அதில் ஒட்டியிருந்த சுருள்முடி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

மார்லிஸ் டிக்கை எடுக்கப் போனாள். பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பிரிக்கத் தேவையான இடம் இல்லை என்று கீழே ஒரு வரி. பிஸ்மார்க் தலைமை அலுவலகத்தில் அந்தப் பச்சை வட்டத்தைக் காட்டிப் பாராட்டு வாங்கிவிட்டு வந்திருந்த கர்ட்டிஸ், டிஸ்க் பேச்சை எடுத்தாலே காது கேளாதவர் ஆனார். அவர் மட்டும் காபியை விட்டுவிட்டு, குழாயடியில் கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தார்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. துப்புகிறவர்கள் தயவுசெய்து வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளலாமே என்று பெயர் குறிப்பிடாமல் ஒரு மெயில் போயிற்று. டுவெய்ன் அதைப் படித்து, நியாயம்தான் என்று தலையாட்டி, கோப்பையில் துப்பினான். கடைசியில் மார்லிஸ் தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, ரப்பர் கையுறை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் கோப்பையைக் கழுவினாள். எழுபதும் சுத்தமாயின. அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நன்றி சொன்னால் எதற்கு என்று சொல்ல வேண்டிவருமே.

பிப்ரவரியில் பழுப்பில் ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தது. முதலில் நூலளவு, பிறகு விரலளவு. அதோடு ஒரு வாடையும் வந்தது. அது புகையிலை வாடை இல்லை, குளிர்பெட்டி நின்றுபோன வீட்டில் வரும் வாடை. எழுபது பேரும் பார்த்தார்கள். டுவெய்ன் தவிர எல்லாரும் தத்தம் ஈறைத் தடவிப் பார்த்துத் தமக்கில்லை என்று நிம்மதியாகி, வேலையைப் பார்த்தார்கள். மார்லிஸ் மட்டும் முதல்முறையாக அந்தப் பக்கம் திரும்பினாள்.

“டுவெய்ன், வாயைத் திற.”

“என்ன திடீர்னு? பல் டாக்டருக்குப் படிக்கறியா?”

“அக்டோபர்லேருந்து உன் எச்சில நான்தான் கழுவறேன். அதுல ரத்தம் வருது. திற.”

“உதட்டுல சின்னப் புண்ணு. குளிர்ல வெடிச்சிருக்கும். உன் வேலையப் பாரேன்.”

அவன் திறக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த நாள் காலை அவள் கோப்பையைக் கழுவாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, கையை நீட்டித் தொலைவாகப் பிடித்துக்கொண்டே கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் இளம்பெண். பையைப் பிரித்து மூக்கைச் சுருக்கினாள். விளிம்பைப் பஞ்சால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். வாரக் கடைசியில் அவளே மார்லிஸுக்குப் போன் செய்தாள்.

“இதுல புற்றுநோய் செல் இருக்கு. நல்லா இருக்கு. இது யாரோட வாய்?”

“எங்க எல்லாரோட வாயும்தான்” என்றாள் மார்லிஸ்.

“அப்ப எல்லாரையும் பாக்கணும்.”

திங்கட்கிழமை டாக்டர் டார்ச் லைட்டோடு வந்தாள். கூட்ட அறை வாசலில் வரிசை கட்டி எல்லாரும் வாய் திறந்தார்கள். சொத்தைப் பல், வெள்ளை நாக்கு, கர்ட்டிஸின் கழற்றி மாட்டும் மூன்று பற்கள் என்று அலுவலகத்தின் அந்தரங்கம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. டுவெய்னை மட்டும் காணவில்லை. வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே குளிர். வண்டி நிறுத்துமிடத்தில் தன் பிக்கப் வண்டிக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்லிஸ் கோட்டுகூடப் போடாமல் போய்க் கண்ணாடியைக் குத்தினாள்.

“இறங்கு.”

“என் பெரியப்பாவுக்குத் தாடையையே எடுத்தாங்க மார்லிஸ். கஞ்சியா ஊத்தித்தான் உயிரோட வச்சிருந்தாங்க. நானும் பாத்திருக்கேன்.”

“எடுக்கட்டும். நான் தினம் காலையில உன் சீழத் தேய்க்கறேன், தெரியுமா? உன் பொண்டாட்டிகூட இதச் செஞ்சதில்ல. எனக்கு உன்னப் பாத்தாலே குமட்டுது. இறங்கித் தொலை!”

“இவ்வளவு அன்பா யாரும் என்கிட்டப் பேசினதில்ல” என்று சிரித்தான். சிரிப்பில் உதடு விரிய, உள்ளே வெள்ளையாகத் தடித்து நடுவில் குழிந்திருந்ததை அவள் பார்த்தாள். பனியில் குனிந்து வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்துத்தான் அவன் கதவைத் திறந்தான் என்கிறார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

மார்ச்சில் ஃபார்கோ நகர ஆஸ்பத்திரியில் டுவெய்னுக்கு அறுவைச் சிகிச்சை செய்து கீழுதட்டில் பாதியையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் தொண்டைக்கு இறங்கியிருக்கும் என்று சொன்னார்கள். அவன் இல்லாத நாட்களில் கோப்பை கண்ணாடிபோல் இருந்தது. மார்லிஸ் மாதக்கணக்கில் முதல்முறையாக முழுக் கோப்பை காபி குடித்தாள். ஜூன் கடைசியில் வேலைக்குத் திரும்பினான். புகையிலையை விட்டுவிட்டான். ஆனால் உதடு மூடாததால் வழிந்துகொண்டே இருந்தது. பழுப்புக்குப் பதிலாக நிறமற்ற கோழை விளிம்பெல்லாம் பிசுபிசுத்தது. பழையதே தேவலை என்றாள் மார்லிஸ், அவன் முகத்துக்கு நேராகவே.

அந்த வாரமே புது டிஸ்குகள் வந்து இறங்கின. எழுபது பேருக்கும் வாய் பார்த்த சேதி பிஸ்மார்க் வரை போயிருந்தது. கர்ட்டிஸுக்கு இனிமேல் காது கேளாமல் இருக்க முடியவில்லை. காலை எட்டு மணிக்குப் பொத்தான் நீல நிறத்தில் உயிர்பெற்றது. டுவெய்ன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். பாதி உதட்டால் பேச்சு குழறியது.

“டிக்க எடுத்துடு. என் கோழை உங்களுக்கு எதுக்கு?”

“மதியம் எடுக்கறேன். வேலை இருக்கு.”

“எடுக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?”

“எட்டிப் போய் உக்காரு. மேல தெறிக்குது.”

மதியம் ஒரு மணிக்கு மேற்கே வானம் பச்சையானது. முட்டையளவு ஆலங்கட்டிகள் மூன்று மாவட்டத்துக் கோதுமையையும் தரையோடு தட்டையாக்கின. நான்கு மணிக்குள் படங்கள் வெள்ளமாக வந்து புது டிஸ்குகளை நிரப்பின. பொத்தான் மறுபடி சாம்பலானது. காலை எட்டிலிருந்து ஒன்றுவரை மார்லிஸ் என்ன வேலை செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் மேசையில் அன்று ஒரு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அது நடந்து வருடங்கள் ஆகின்றன. இப்போது வேலைக்குச் சேருபவர்களுக்கு நுழைவு அட்டையும் கணினிக் கடவுச்சொல்லும் கொடுக்கும்போதே, கோப்பையைக் கழுவிவிட்டுக் குடியுங்கள், கழுவும் முன்பு நிறத்தைப் பாருங்கள், சிவப்பு தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றும் சொல்லிவிடுகிறார்கள். சிலர் முகம் சுளித்து அன்றே போய்விடுவார்கள். மற்றவர்கள் இரண்டொரு வாரம் ஓங்கரிப்பார்கள், பிறகு கையுறை வாங்கிக்கொள்வார்கள்.