அளக்க வந்தனான்

1

அம்மா, இந்தக் கதை பயத்தில தொடங்கினது. பள்ளிமுனையில ஒரு வீட்டு வேலிக்கு வெளியில நிண்டு ஃபோனுக்குச் சொல்லுறன், அது எழுதுது. லக்சிகா அக்கா, நீங்கள்தானே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறது, முகாமில எல்லாருக்கும் கேக்க வாசிக்காதேங்கோ. அம்மாவுக்கு மட்டும்.

முதல் வசனம்: சுகந்தன் எண்டொரு பெடியன் இந்தியாவில மண்டபம் அகதி முகாமில பிறந்து, மன்னாருக்கு வந்து, காணி விக்கிற வேலையில சேர்ந்து, மிகவும் சந்தோசமாக

இல்லை. அழிக்கத் தெரியேல்ல. கிடக்கட்டும்.

2

(சுகந்தன் நானில்லை. நான் எண்டு சொல்ல வெளிக்கிட்டா வசனம் பாதியில நிக்குது, அதுதான் அவனை வச்சிருக்கிறன்.)

முதலாளி றெனால்ட் அண்ணை. சேர்ந்த அண்டைக்கே சொன்னவர்: "வீட்டில ஆக்கள் இருந்தா விக்கப்போறம் எண்டு வாய் திறக்காத. அளக்க வந்தனான் எண்டு சொல்லு. அது பொய்யில்லைத்தானே?"

இந்த வீட்டுக்காரர் கனடாவில. இருக்கிறது அவற்ர சொந்தக்காரி நிறஞ்சலா அக்கா. யுத்தம் முடிஞ்ச பிறகு "இருங்கோ, ஒருநாள் உங்களுக்கே எழுதித் தாறன்" எண்டு அவர்தான் விட்டவராம். இப்ப விக்கச் சொல்லியிருக்கிறார். அவவுக்குச் சொல்லேல்ல.

3

போன கிழமை சுகந்தன் வந்தான்.

"அளக்க வந்தனான் அக்கா."

அவ உள்ளுக்கு நிண்ட மகளைப் பார்த்துக் கத்தினா: "றொசானா! மாமா காணியை எங்களுக்கு எழுதப்போறாரடி! அளக்க ஆள் வந்திட்டுது!"

சுகந்தன் இல்லை எண்டு சொல்ல வாயைத்

அளவு நாடாவின்ர மற்ற நுனியை அவதான் பிடிச்சா. கோழிக்கூட்டையும் தள்ளி வச்சா. "இழுத்துப் பிடியுங்கோ தம்பி. ஒரு முழம் குறைஞ்சாலும் விடமாட்டன்!"

பிறகு சிரிச்சா. "நீங்கள் கதைக்கிறது இந்தியா ஆக்கள் மாதிரிக் கிடக்கு. எந்த முகாம்?"

"மண்டபம்."

"அட, நானும் அங்க கிடந்தனான்! எங்கட பிள்ளை. நில்லுங்கோ, மீன் பொரிக்கிறன்."

சாப்பிட்டன் அம்மா. சுகந்தன் இல்லை. நான்தான்.

4

முடிவு ஒண்டு: அவன் உண்மையைச் சொல்லுறான். வேலை போகுது. உங்களை இங்க கூப்பிட ஒரு அறைகூட எடுக்கேலாது. நீங்கள் அங்கயே இருக்கிறீங்கள்.

முடிவு ரெண்டு: இண்டைக்குக் காணி வாங்க வாறவையிட்ட "கிணறு உப்பு" எண்டு பொய் சொல்லுறான். அவை போகினம். அடுத்த கிழமை வேற ஆக்கள் வருவினம். (பயந்தவன்ர முடிவு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.)

மூண்டு: அவன் ஒண்டும் சொல்லேல்ல. வாங்க வந்தவையைக் காணிக் கந்தோர் ஆக்கள் எண்டு நினைச்சு அவ கதிரை துடைச்சுப் போட்டு, தேத்தண்ணி ஊத்தி

இதை என்னால சொல்லி முடிக்கேலாது.

5

வாங்க வாறவையோட வான் வண்டி ஒழுங்கைக்குள்ள திரும்புது. முன் சீற்றில றெனால்ட் அண்ணை.

நிறஞ்சலா அக்கா கண்டிட்டா. "தம்பி! ஏன் வெயிலுக்க நிக்கிறீங்கள்? காணி எழுத்து வேலை முடிஞ்சுதோ?"

அம்மா, நீங்களும் இத்தனை வருசம் இன்னொருத்தற்ர நிலத்திலதானே இருக்கிறீங்கள். உங்கட வாசலுக்கு என்னைப்போல ஒருத்தன் வந்தா, முதல்ல என்ன சொல்லோணும்? கெதியாச் சொல்லுங்கோ.

அவ வேலிப் படலையைத் திறக்கிறா.