மரத்துக்கு அந்தப் பக்கம்

கல்யாணசுந்தரம் அணில் வேட்டைக்குப் போகிறான் என்று வால்டோர்ஃபில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் போலீசுக்குச் சொல்வார்கள். ஜெர்மனியில் அணிலை அடிப்பது குற்றம். மாட்டினால் வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்து. எல்லாம் தெரிந்தேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த உண்டிவில்லைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு அவன் ஊரோரக் காட்டுக்குள் நுழைந்தான்.

மகளுக்காகத்தான். நிரஞ்சனாவுக்கு நாலு வயது. குளிர் தொடங்கியதும் இழுப்பும் தொடங்கிவிட்டது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரில் கொஞ்சம் அடங்கும், பிறகு மறுபடி வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நீளமாக ஒரு கீச்சு, வெளியே விடும்போது குட்டையாக இரண்டு. அவனுக்கு அது மனப்பாடம். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாலும் காதுக்குள் கேட்கும்.

உசிலம்பட்டியிலிருந்து அம்மா வீடியோ காலில் ஒரே பிடியாக நின்றாள். "எத்தன நாளைக்குப்பா அந்த டப்பாவையே அமுக்கிக்கிட்டு இருப்ப? அணில் கறிய மொளகு போட்டு ரசம் வச்சுக் குடு. சின்னதுல ஒனக்கு அப்படித்தான் நின்னுச்சு."

"பாப்பாவுக்கு அணிலா? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று மனைவி நிவேதிதா பேச்சை அத்தோடு முடித்துவிட்டாள். அவனால் முடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவன்தான்; ஆனால் திணறுகிற பிள்ளைக்கு முன்னால் படித்த படிப்பெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

ஊரில் சின்ன வயதில் பழகிய வேட்டை வித்தை மட்டும் மறக்கவில்லை. அணிலைத் தேடி அலைகிறவனுக்கு அணில் கிடைக்காது. முதலில் தரையைப் பார்க்க வேண்டும். பைன் காயைக் கொறித்துத் துப்பிய செதில்கள் எந்த மரத்தடியில் புதிதாகக் கிடக்கின்றனவோ, அதற்கு எதிர் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட வேண்டும். இருமக்கூடாது, சொறியக்கூடாது. கொஞ்ச நேரத்தில் காடு நம்மை மறந்துவிடும். அப்புறம் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. ஆளைக் கண்டதும் அணில் மரத்தின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். துரத்துகிறவன் ஏமாளி. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் பக்கமாக ஒரு கல்லை எறிந்தால் போதும், மிரண்டு தானாக நம் பக்கம் வந்துவிடும்.

அப்படியே உட்கார்ந்தான். செம்பட்டை நிறத்தில், காது நுனியில் குஞ்சம் வைத்த அணில் ஒன்று எதிர் மரத்தில் இறங்கியது. இவனைப் பார்த்தது. சட்டென்று பின்பக்கம் போய் மறைந்தது.

அதோடு காட்டில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. ஒரு பறவைகூட வாய் திறக்கவில்லை. பிறகு அந்த மரத்துக்குப் பின்னாலிருந்து, தரையை ஒட்டி, நீளமாக ஒரு கீச்சுக் கேட்டது. தொடர்ந்து குட்டையாக இரண்டு.

வீட்டிலிருந்து காதோடு வந்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தான். மறுபடியும் கேட்டது. தன் விதியைத் தானே மீறி எழுந்தான், மரத்தைச் சுற்றி வந்தான். யாரும் இல்லை. சத்தம் இப்போது அவன் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிச் சுற்றினான், அதுவும் சுற்றியது. காய்ந்த இலைகளில் ஒன்றுகூட நொறுங்கவில்லை.

"பாப்பா?" என்றான். சத்தம் ஒரு கணம் அடங்கி, பிறகு அடக்க முடியாமல் மறுபடி கிளம்பியது.

அப்போதே வீட்டுக்கு ஓடியிருக்கலாம், ஓடியிருக்கவும் வேண்டும். ஆனால் இந்தக் குளிர்காலம் முழுக்க அவனைத் தின்ற சத்தம் அது. அதன்மேல் அவனுக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம் வந்தது. நின்றால் போதும், எப்படியாவது நின்று தொலைந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லை எறிந்தான்.

அணில் இந்தப் பக்கம் வந்தது. தலைகீழாகப் பட்டையில் ஒட்டிக்கொண்டு அவனையே பார்த்தது. அதன் விலா நீளமாக ஒரு முறை உப்பி, குட்டையாக இரண்டு முறை அடங்கியது. அவன் ரப்பரை இழுத்து விட்டான்.

கல் அதன் கழுத்தில் பட்டது. அணில் விழுந்தது, சத்தம் நின்றது.

அதைக் குனிந்து எடுக்கப் போனபோது போன் அடித்தது. நிவேதிதா கிசுகிசுத்தாள். "எங்க இருக்கீங்க? குட் நியூஸ். தூக்கத்துல பாப்பாவுக்கு வீசிங் சட்டுனு நின்னுடுச்சு. இப்பதான்."

"சத்தமே இல்லையா?"

"சுத்தமா இல்ல. அசையாம தூங்குறா."

காலடியில் கிடந்த அணிலை அவன் பார்த்தான். அதுவும் அசையவில்லை.

"எழுப்பு நிவி! அவள எழுப்பு!"

"லூசா நீங்க? எத்தன நாள் கழிச்சு நிம்மதியா தூங்குறா…"

"மூச்சு இருக்கான்னு பாருடி!"

செருப்புச் சத்தம் கேட்டது, கதவு திறந்தது. "பாப்பா… நிரு…" என்று நிவேதிதா கூப்பிட்டாள். இரண்டாவது தடவை சத்தமாக. மூன்றாவது தடவை அவள் குரலே மாறியிருந்தது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, அந்தப் பாழாய்ப்போன இழுப்பையே திருப்பிக் கொடு என்று கல்யாணசுந்தரம் கெஞ்சினான்.

ஒரு சிணுங்கல் கேட்டது.

"முழிச்சிட்டா! நல்லாத்தான் இருக்கா. உங்களால எனக்கு உசுரே போயிடுச்சு. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

அவன் இலைகள்மேல் அப்படியே உட்கார்ந்தான். வாய்விட்டு அழுதான். "செல்லம்… அப்பா பேசுறேன். நல்லாருக்கியா?"

போனில் மகளின் மூச்சு கேட்டது. கீச்சு இல்லை, இழுப்பு இல்லை, தெளிவாகப் போய் வந்தது.

"கழுத்து வலிக்குது. நான் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுதானே விளையாடுனேன்," என்றாள். "என்னைய எதுக்குப்பா கல்லால அடிச்சீங்க?"