நாற்பது ஆடுகளும் முதல் ஊசியும்

காலை ஏழு பத்துக்கு முப்பத்தொன்பதாவது ஆடு மேடையேறியது.

ஆராய்ச்சியாளர் ஸ்கேன் கருவியின் முனையை அதன் அடிவயிற்றில் வைத்தாள். திரையில் கருப்பும் சாம்பலும் அசைந்தன. குட்டி இல்லை.

"இதுவும் காலி."

அவளுடைய கொழுந்தன் மீசையைத் தடவிக்கொண்டான். அவன் கால்நடை அறுவை மருத்துவன். கொட்டகைக் கிடாவுக்கு விந்துக் குழாயைக் கத்தரித்தவன். கிடாவை எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். எந்த ஆடு பருவத்துக்கு வந்தது என்று தெரிய, நெஞ்சில் நீலச் சாயம் கட்டி மந்தைக்குள் விட்டிருந்தார்கள். பருவத்துக்கு வந்த ஆட்டின் மேல் ஏறும், நீலம் ஒட்டும், குட்டி மட்டும் தங்காது. மாப்பிள்ளையை வெளியே கொண்டுவந்து ஐந்து வாரம். நாற்பது பின்புறங்களிலும் நீலம் இன்னும் போகவில்லை.

"ஒரு வீடு விடாம போய்ட்டு வந்திருக்காரு," என்றான்.

"அதான் பயமா இருக்கு. நீ ஒழுங்கா வெட்டினியா?"

"ஒண்ணே ஒண்ணு சினையா இருந்தாலும் மீசையை எடுத்துடுறேன் அண்ணி."

ஒன்று சினையாக இருந்தாலும் இந்த வருடம் போயிற்று. ஆடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் ஒரு கிருமிக்கு அவள் தடுப்பூசி செய்திருந்தாள். ஏழு வருட வேலை. மருந்துக்குள் கிருமி உயிரோடு இருந்தது, பலம் குறைக்கப்பட்டு. சினை ஆட்டுக்குப் போடக் கூடாது. முதல் ஊசி தன் கையால் என்று அவள் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் காது புளித்திருந்தது.

கடைசி ஆடு குண்டம்மா. நாலு பேர் சேர்ந்து ஏற்ற வேண்டியதை இரண்டு பேர் ஏற்றினார்கள். கிருமிநாசினி வாடையில் ஆராய்ச்சியாளருக்குக் குமட்டியது. மூன்று நாளாக அப்படித்தான். கொட்டகை கழுவும் மருந்தை மாற்றிவிட்டார்கள் போலும்.

"ரெட்டைக் குட்டி மாதிரி தெரியுதே," என்றாள்.

அவன் கை மீசைக்குப் போனது, விடைபெற.

அவள் முனையை அழுத்தினாள். திருப்பினாள். மறுபடி அழுத்தினாள்.

"கொழுப்பு. வெறும் கொழுப்புடா தம்பி!"

அவன் ரப்பர் பூட்ஸோடு ஆடினான். மிரண்டு குதித்த குண்டம்மா அவன் காலை மிதித்தது. ஒற்றைக் காலில் ஆட்டம் தொடர்ந்தது.

மருந்துக் குளிர்பெட்டியின் சாவி வைத்திருக்கும் அம்மாள் நடைக்கூடத்தில் காத்திருந்தார். சிரிக்காத முகம். கையில் ஒரு பரிசோதனைப் பட்டை.

"ஆட்டுக்குப் பார்த்தாச்சு. இப்ப உங்களுக்கு."

கர்ப்பிணிப் பெண் இந்த மருந்தைத் தொடக் கூடாது. ஊசி போடும் அறைக்குள் போகும் பெண்கள் எல்லோரும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். விதி.

அவள் பட்டையை வாங்கிக்கொண்டு கழிவறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது நடை ஒரு மாதிரி இருந்தது.

"பட்டை கெட்டுப்போச்சு. வேற குடுங்க."

வேறு கொடுத்தார். அதிலும் இரண்டு கோடு.

"மருந்தைக் கடைசியா எப்பத் தொட்டீங்க?" என்றார் அம்மாள்.

"நாலு மாசம் இருக்கும். குப்பியில அடைச்சதோட சரி."

"அப்ப பயமில்ல. ஆனா உள்ள போகக் கூடாது."

"எந்த மடையன் எழுதின விதி இது?"

"நீங்கதான் அண்ணி," என்றான் கொழுந்தன்.

அவள் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அடக்கினாள். மூக்கு வழியாக வந்தது. அம்மாளின் முகத்திலும் ஏதோ தளர்ந்தது. சாவியைக் கொழுந்தனிடம் நீட்டினார்.

"அண்ணனுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடுச்சு!" என்றான் அவன். "இதை நான் எப்படி வயித்துக்குள்ள வெச்சிக்கிறது?"

"மூச்சு விட்டா, மாப்பிள்ளைக்குப் பண்ணினது உனக்கும் நடக்கும். பண்ணப் போறது நான்."

மருந்தை எடுத்துக்கொண்டு, குண்டம்மாவை ஓட்டிக்கொண்டு அவன் உள்ளே போனான். அவள் கண்ணாடிச் சுவரில் மூக்கு நசுங்க நின்றாள். ஊசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் அவளைப் பார்த்தான். தோள் குலுங்கியது.

"சிரிக்காதடா! கழுத்துல போடு! தோலைத் தூக்கிப் பிடி!"

குண்டம்மாவுக்குத்தான் முதல் ஊசி. அது அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. அவள் கைதட்டினாள். அம்மாளைக் கட்டிக்கொண்டாள். அம்மாள் விறைத்து நின்று, பிறகு முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

பையில் போன் அடித்தது. கணவன். கணக்கு வாத்தியார். பின்னால் பள்ளிக்கூடத்து இரைச்சல்.

"என்னம்மா, முதல் ஊசி உன் கையாலதானே? கை நடுங்கலையே?"