ஓடைக்கரை ஓக்கில் மூன்று வெட்டு

புயலில் விழுந்த ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தை ஓமா செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பிளந்துகொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று அவளிடம் கேட்க அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தைரியம் கிடையாது. ஓக் சிம்பு கிழித்துக் கூடை முடைகிறவள் என்றுதான் பெயர். கை என்னவோ மரவெட்டியின் கை. ஆப்பை வைத்துச் சம்மட்டியால் நாலு போடு போட்டால் வெள்ளை ஓக் சொன்ன பேச்சைக் கேட்கும், நேராகப் பிளக்கும். அதனாலேயே அவளுக்கு மனிதர்களைவிட அதை ரொம்பப் பிடிக்கும்.

மத்தியானம் அடித்துண்டில் ஆப்பு இறங்கியபோது சத்தம் வேறு மாதிரி வந்தது. ஒரு சாண் கனத்துக்கு ஒரு பலகை, பெட்டி மூடி கழன்றதுபோல, தானாகப் பிரிந்து விழுந்தது. உள்ளே கறுத்துப்போன ஒரு பரப்பு. அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கோடாலி வெட்டு.

ஓமா சம்மட்டியைக் கீழே போட்டாள்.

கென்டக்கி மலைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வெட்டு என்றால் எல்லை மூலை. அந்தக் காலத்தில் நிலம் அளந்தவர்கள் எதிரே நின்ற மரத்தில் மூன்று போட்டுவிட்டு, 'வெள்ளை ஓக்கில் தொடங்கி' என்று பத்திரம் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஓமாவின் பத்திரத்திலும், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹெர்ஷலின் பத்திரத்திலும் அதே வரிதான். எந்த வெள்ளை ஓக் என்பதுதான் தகராறு. ஓடைக்கரை மரம் என்றார் ஹெர்ஷலின் அப்பா எல்பர்ட். மேட்டு மரம் என்றாள் ஓமா. அதன் பட்டையில் மூன்று தழும்பு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டில் பைபிள்மேல் கை வைத்து அவள் சொன்னாள்: "நாப்பது வருஷமா வெள்ளை ஓக் பட்டையைத் தடவிப் பாக்கறவ நான். கோடாலி பட்டிருந்தா தழும்பு தெரியாம போகாது. ஓடைக்கரை மரத்துல எந்தக் காலத்துலயும் வெட்டு விழல." மரத்தைப் பற்றி ஓமா சொன்னால் அப்பீல் ஏது? தீர்ப்பு அவள் பக்கம்.

இப்போது கத்தி முனையை வைத்து, வெட்டுக்கு வெளியே வளர்ந்திருந்த வளையங்களை எண்ணினாள். நூற்றாறு. நம்பாமல் திரும்பவும் எண்ணினாள். நூற்றாறேதான். பத்திரம் 1868. இது 1974. மரம் காயத்தைச் சுவடே இல்லாமல் மூடிவிட்டிருக்கிறது. மேட்டு மரத்துத் தழும்பு யாரோ எதற்கோ பிற்பாடு போட்டது. மகா நிபுணி, பட்டையைத் தடவியே தீர்ப்பு சொன்னாளாம்.

நிமிர்ந்து ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஓடைக்கும் மேட்டுக்கும் நடுவே அவளுடைய தோப்பு. முப்பத்தோரு வருஷம். வெள்ளை ஓக் கொட்டை இலையுதிர் காலத்தில் விழுந்த கையோடு வேர் விட்டுவிடும். எடுத்துவைத்து ஆற அமர நடுகிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொன்றையும் அந்த வாரத்திலேயே புதைத்து, அணிலிடமிருந்தும் மானிடமிருந்தும் காப்பாற்றி, கிளை விடாமல் நேராக மேலே போகட்டும் என்று நெருக்கமாக வளர்த்திருந்தாள். இருநூற்றுச் சொச்சம் மரம். கூடைக்கு வேண்டிய தொடைப் பருமன் இப்போதுதான் வந்திருக்கிறது. வருகிற குளிர்காலத்தில்தான் முதல் வெட்டு. எல்லை ஓடைக்கரை என்றால் அத்தனையும் ஹெர்ஷலுடையது. அவனோ, நிலம் கைக்கு வந்தால் மொத்தத்தையும் வழித்துப் புகையிலை போடுவேன் என்று கோர்ட் வாசலிலேயே சொன்னவன்.

தோப்புக்குள் ஆள் வரும் அரவம் கேட்டது. ஹெர்ஷல்தான். ஓமா யோசிக்கக்கூட இல்லை. வெட்டு விழுந்த துண்டின்மேல் பாவாடையை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஓமா, செத்த மரத்துக்குத் துக்கம் காக்கறியா?" என்றான் ஹெர்ஷல். "என் கன்னுக்குட்டி இந்தப் பக்கம் வந்துச்சா?"

"வரல. வந்தாலும் என் வேலிய எங்க மதிக்குது? வளத்தவன் புத்திதானே இருக்கும்."

"கோர்ட்டுல ஜெயிச்ச வேலின்னு அதுக்கு யாரு சொல்றது."

பழைய ஓமாவாக இருந்தால் இதற்கு இன்னும் நாலு கொடுத்திருப்பாள். இப்போது பாவாடை ஓரத்தை இழுத்துத் துண்டை இன்னும் மூடினாள். எதையாவது கேட்கவேண்டுமே என்று, "உங்கப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

"படுத்துட்டாரு. மோர் மட்டும் இறங்குது. இன்னமும் ஓடைக்கரை மரம்னுதான் சொல்றாரு." ஹெர்ஷல் எச்சிலைத் துப்பினான். "ஒரு பொய்யச் சொல்லி, அதைக் கோர்ட்டுல என்னையும் சொல்ல வச்சு, ஊரே சிரிச்சுதே. அன்னைக்கே பேச்ச நிறுத்திட்டேன். வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கறேன். பேசறதில்ல."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

"ஒரே வீட்டுக்குள்ள?"

"ஒரே வீட்டுக்குள்ளதான். வேற எங்க."

ஓமாவுக்கு நிலம் போனது தெரியும். அப்பனும் பிள்ளையும் முறிந்தது தெரியாது. அவள் வாயைத் திறந்தாள். அவன் தலைக்குப் பின்னால் இருநூற்றுச் சொச்சம் மரமும் வரிசை கட்டி நின்றன. வாயை மூடிக்கொண்டாள். ஹெர்ஷல் கன்றைக் கூப்பிட்டுக்கொண்டே மேட்டில் ஏறிப் போய்விட்டான்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று துண்டைக் கொட்டகைக்கு இழுத்துப்போய்ச் சாக்கைப் போட்டு மூடினாள். ராத்திரி அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். அடுப்பில் போட்டால் பத்து நிமிஷத்தில் சாம்பல், ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

விடிந்ததும் துண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். தோப்பு வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு மரத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மேடு ஏறி இறங்கியதும் கால் நின்றுவிட்டது. ஹெர்ஷல் வீட்டு வாசலில் நாலைந்து வண்டிகள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். பெண்கள் துணி மூடிய சாப்பாட்டுப் பாத்திரங்களோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சாவு வீடு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஹெர்ஷல் படியிறங்கி வந்தான். ஓமா சாக்கை எடுத்தாள். அவன் குனிந்து முதல் வெட்டில் விரலை விட்டான். பிறகு இரண்டாவதில். மூன்றாவதில் விட்ட விரலை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நூத்தாறு வளையம். ரெண்டு தரம் எண்ணிட்டேன்," என்றாள் ஓமா. "உங்கப்பா சொன்னதுதான் நெசம். தோப்பு உன்னோடது."

தோப்பு என்ற சொல் அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இது எப்பக் கெடச்சுது?"

இன்று காலையில் என்று சொல்லியிருக்கலாம். மரத்தைப் பற்றி ஓமா சொன்னால் இப்போதும் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

"நேத்து மத்தியானம்," என்றாள். "நீ வந்தப்போ இது மேலதான் உக்காந்திருந்தேன்."

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நெனவோடதான் இருந்தாரு," என்றான் ஹெர்ஷல். "ரெண்டு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. நான் போகல."