பதினோரு வருட நிறைமாதம்

இஸ்திரிக்காரி பதினோரு வருடம் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தாள். மேம்பாலத்தின் பதினேழாவது தூணுக்கு அடியில் இரண்டு சாக்கும் ஓர் அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியும்தான் அவள் குடித்தனம். எதிரே நகராட்சியின் குடியிருப்புப் பிரிவு அலுவலகம். அங்கே ஜன்னலைத் திறந்தால் இவள் தெரிவாள். அதனால் ஜன்னலைத் திறப்பதில்லை. அவள் சலவைக்கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டுப் பிழைத்தவள். வயிறு மேஜையில் இடிக்க ஆரம்பித்ததும் முதலாளி நிறுத்திவிட்டான். புருஷன் அதற்கு முன்பே கம்பி நீட்டியிருந்தான். அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி நாலு நாள் சோறு போட்டாள், ஐந்தாம் நாள் பாயைச் சுருட்டி வாசலில் வைத்தாள். அண்ணன் தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

அந்த வருடம் வீடற்ற கர்ப்பிணிகளுக்கு நாற்பது அறை கட்டித்தர நகரம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மானியம் ஒதுக்கியது. இஸ்திரிக்காரியும் விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பத்தின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு விதி இருந்தது: அறையை ஒப்படைக்கும் நாளில் விண்ணப்பதாரர் கர்ப்பமாக இருக்க வேண்டும். பெற்றுவிட்டவள் தாய்-சேய்த் திட்டத்துக்குப் போகவேண்டும். அந்தத் திட்டத்துக்கு அந்த வருடம் மானியம் வரவில்லை. பதினாறாம் தூணில் இருந்த பெண் ஒரு செவ்வாய்க்கிழமை பெற்றாள். வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தான், குழந்தையைப் பார்த்தான், பெயரை அடித்தான். மூன்று வாரம் கழித்து விடாமல் மழை பெய்தது. காலையில் குழந்தை விறைத்துக் கிடந்தது. அதே ஆய்வாளர் மறுபடி வந்து, சேய் இல்லாத காரணத்தால் தாய்-சேய்த் திட்டத்துக்கும் தகுதியில்லை என்று வாய்விட்டுப் படித்தபடி எழுதிக்கொண்டு போனான். கையெழுத்து நன்றாக இருக்கும் அவனுக்கு.

அடுத்த வாரம் இஸ்திரிக்காரிக்கு வலி கண்டது. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப வராத. இங்க வந்தா செத்துப் போயிடுவ. ஒரு கூரைக்குக் கீழ போனதும் நானே கூப்பிடறேன்." வலி நின்றது. அரசு மருத்துவர் வந்து காதில் குழாயை மாட்டிக் கேட்டார், இருவரும் நலம் என்று எழுதினார், டீ குடிக்கப் போனார். அதற்குப் பிறகும் மாதாமாதம் வந்து அதையே எழுதினார். மூன்றாம் வருடம் அவருக்கு மாற்றலானது, வருவது நின்றது.

முதல் வருட மானியத்தில் எத்தனை கர்ப்பிணிகள் என்று கணக்கெடுத்தார்கள். இரண்டாம் வருடம், எடுத்த கணக்கு சரிதானா என்று பார்த்தார்கள். மூன்றாம் வருடம் ஆட்சி மாறி, திட்டத்தின் பெயரும் மாறி, பலகைகளுக்குப் புது வண்ணம் அடித்தார்கள். நான்காம் வருடம் கட்டடம் உண்மையாகவே எழும்பியது. தரைத்தளத்தில் நிறுவனத்தின் அலுவலகம், முதல் மாடியில் பயிற்சிக் கூடம், இரண்டாம் மாடியில் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் தங்க அறைகள். மிச்சமிருந்த மொட்டைமாடியில் நாற்பது அறைக்கு இடம் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். துணி காயப்போட அருமையான இடம். ஆண்டறிக்கையின் அட்டையில் வருடா வருடம் இஸ்திரிக்காரியின் வயிறுதான் வந்தது. முகம் ஒரே ஒரு வருடம்தான் வந்தது. மூன்று பற்கள் விழுந்துவிட்டன என்று பிறகு முகத்தை விட்டுவிட்டார்கள்.

பார்வையாளர்களை வேனில் கூட்டி வருவார்கள். நிறுவனத்தின் தலைவி, எல்லோருக்கும் 'மேடம்', முன்னால் நின்று விளக்குவாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். கேட்டுத் தொட்டவர் யாருமில்லை. சிலருக்குக் கண் கலங்கும். பிறகு வேனுக்குள் ஏறி, கிருமிநாசினியை உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்குவரை தேய்த்துக்கொள்வார்கள். வேன் கண்ணாடி வழியாக அவளுக்கு அது தெரியும். ஐந்தாம் வருடம் குழந்தை உள்ளேயிருந்து பேச ஆரம்பித்தது. ஒரு கவுன்சிலர் வயிற்றில் கையை வைத்து, "பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கொஞ்சினார். "மொதல்ல கைய எடு," என்றது பாப்பா. அது பெண்குழந்தை என்று ஊருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அடுத்த ஆண்டறிக்கையில் 'கருவிலேயே தன்னம்பிக்கை' என்று ஒரு பக்கம் வந்தது.

இஸ்திரிக்காரி முதுகு வளைந்து போனாள். மல்லாந்து படுக்க முடியாது, குப்புறப் படுக்க முடியாது; பதினோரு வருடமும் இடப்பக்கமாகத்தான் படுத்தாள், இடது காது மடங்கிப்போய்விட்டது. இருந்தும் ஒவ்வொரு மானியக் கூட்டத்துக்கு முன்பும், இந்த முறை கிடைத்துவிடும் என்று தலைவாரி உட்கார்ந்திருப்பாள். உள்ளேயிருப்பது நெளியும். "இரு, இரு. அடுத்த மாசம் ரூம் வந்துடும்." "போன வருஷமும் இதான சொன்ன?" "வாய மூடிட்டு தூங்கு."

நிறுவனத்தின் களப்பணிக்கு ஒரு பெண் எட்டாம் வருடம் வந்து சேர்ந்தாள். எந்நேரமும் கையில் ஃபைல் இருப்பதால் பாலத்தடியில் அவள் பெயர் ஃபைலு. வீடற்றோர் நலனில் பட்டம் வாங்கியவள்; மாதக் கடைசியில் இஸ்திரிக்காரியிடமே பன் வாங்கித் தின்பாள். பதினோராம் வருடம், மானியக் குழு கூடுவதற்கு முதல்நாள், அவள் வந்து சாக்கில் உட்கார்ந்தாள். ஃபைலைத் திறக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், என்னை அடிக்காத."

"அடிக்கற தெம்பு எங்கடி இருக்கு?"

"ரெண்டாம் மாடியில ஆறு ரூம் சும்மாதான் கெடக்கு. உனக்கு ஒண்ணு குடுக்கலாமேன்னு கேட்டேன். மேடம் சிரிச்சாங்க. இவளுக்கு ரூம் குடுத்துட்டா அடுத்த வருஷம் யாரைக் காட்டி மானியம் கேக்கறதுன்னாங்க. உன் ஃபைல் மேல பென்சில்ல எழுதியே வச்சிருக்காங்க, நிலுவையிலேயே இருக்கட்டும்னு. நீ பெக்காம இருக்கறது அவங்களுக்குத்தான் அக்கா வசதி."

இஸ்திரிக்காரி எதிரே இருந்த மூடிய ஜன்னல்களைப் பார்த்தாள். வாளிக்குள் துப்பினாள். பிறகு, "நாளைக்கு அந்தக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போவாங்கல்ல?" என்று கேட்டாள்.

"எப்பவும் கூட்டிட்டுத்தான போவாங்க."

"அந்த ஹால்ல மழை ஒழுகுமா?"

"அது எப்படி ஒழுகும்? ஏசி ரூம்க்கா. உள்ளயே பாத்ரூம்கூட இருக்கு."

"சரி போ," என்றாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நகராட்சிக் கூட்ட அரங்கில் மானியக் குழு கூடியது. பதினாறு பேர் உட்காரும் நீள மேஜை, பதினாறு கோப்பு, பதினாறு தண்ணீர் பாட்டில், நடுவில் பிஸ்கட் தட்டு. மேடம் பதினோராம் முறையாக விளக்கத் தொடங்கினாள். மேஜையின் ஓரத்தில் நிற்கவைக்கப்பட்டிருந்த இஸ்திரிக்காரி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒரு மூலையிலும் ஈரக்கறை இல்லை. மேஜைமேல் ஏறினாள், முட்டியை மடக்கினாள், சேலையை ஒதுக்கினாள், "வா" என்றாள். பனிக்குடம் உடைந்து பதினாறு கோப்பும் நனைந்தன. உறுப்பினர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பிஸ்கட் தட்டைக் காப்பாற்றினார்.

"ஐயோ, ஓட்டெடுப்பு முடியறவரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா?" என்று மேடம் தலையில் கைவைத்தாள். ஃபைலுதான் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினாள், தன் துப்பட்டாவால் துடைத்து மேஜைமேல் விட்டாள். பிறக்கும்போது எல்லாக் குழந்தையையும் போலத்தான் இருந்தது. மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தவழ்ந்தது. போய்ச் சேருவதற்குள் பதினோரு வருட வளர்ச்சியும் வளர்ந்து முடித்தது. பாதி மேஜையில் எழுந்து நடந்தது, முக்கால் மேஜையில் ஜன்னல் திரையைப் பிடுங்கி உடம்பில் சுற்றிக்கொண்டது, கடைசி நாற்காலிக்கு முன்னால் வந்தபோது முடி இடுப்பைத் தொட்டது. அந்த நாற்காலியில் பதவி உயர்ந்து குழுச் செயலாளராகிவிட்ட பழைய ஆய்வாளர் இருந்தார். நனைந்த தாளை உதறி, "பெத்தாச்சு. பேரை அடிச்சிடுங்க," என்றார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்," என்றாள் பெண். "பதினாறாம் தூணுக்கு வந்து எழுதினது நீதான? அந்தக்கா அழறதும் கேட்டுச்சு. நீ எழுதறதும் கேட்டுச்சு. அழுகை நடுநடுவுல நின்னுச்சு, உன் பேனா நிக்கவேயில்ல."

செயலாளர் எழுந்தார். பேனா எங்கே என்று தேடினார், அதை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் சுவரை ஒட்டி, எதன்மேலும் படாமல் ஒருக்களித்து நடந்து போனார்கள். மேடம் கடைசியாகப் போனாள். கேமராக்காரனை ஏன் கூட்டி வரவில்லை என்று வழியெல்லாம் யாரையோ ஏசினாள். மகள் உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். இஸ்திரிக்காரி நீள மேஜையில் மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் அகட்டிப்போட்டு இரண்டு நாள் தூங்கினாள்.

பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் இடம் மாற்றக் கூடாது என்று சுகாதாரப் பிரிவு குறிப்பு எழுதியது. நாற்பது நாள் ஆனதும், காலி செய்ய வேண்டியது குடியிருப்புப் பிரிவா பொதுப்பணிப் பிரிவா என்று கேள்வி எழுந்து கோப்பு நிலுவைக்குப் போனது. அந்த அலுவலகத்தில் நிலுவைக்குப் போனது எதுவும் எழுந்து வந்ததில்லை. தாயும் மகளும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பதினாறாம் தூணின் பெண்ணையும் அழைத்து வைத்துக்கொண்டார்கள். ஏசியின் பக்கத்து நாற்காலி வரிசை அவளுடையது. ஃபைலுவின் வேலை போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து பன் தின்றுவிட்டுப் போகிறாள். பதிவேட்டில் அந்த அறையைப் பழைய சாமான் அறை என்று காட்டியிருக்கிறார்கள்.

மானியக் குழு சில வாரம் நடைபாதையில் நின்றபடி கூடியது. உறுப்பினர்களுக்குக் கால் கடுத்தது. புதிய கூட்ட அரங்கம் வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை தீர்மானம் போட்டார்கள், அன்று மாலையே நிதி வந்தது, ஒன்பது வாரத்தில் கட்டி முடித்தார்கள். நல்ல உறுதியான கட்டடம், எங்கும் ஒழுகவில்லை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட, வரிசையில் அடுத்து இருந்த நிறைமாதக் கர்ப்பிணியை மேடம் வேனில் கூட்டி வந்தாள். அவளுக்கு அது ஆறாவது வருடம்.