வார்டு மட்டும்

காலை ஷிப்டுக்கு வந்த துப்புரவுப் பெண்களை ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நிறுத்திவைத்துக் காவலாளி பெயர் படித்தார். யாதம்மாவின் பெயர் வரவில்லை. நேற்றுச் சேர்ந்த பெண்கள் உள்ளே போக, அவளும் மற்றப் பழைய ஆட்களும் செகந்திராபாத் வெயிலில் நின்றார்கள்.

யாதம்மா ஆள் அனுப்பும் கம்பெனியின் ஆபீசுக்கு நேராக வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் முன் இருந்த ஸ்ரவந்திக்கு அவளைத் தெரியும். ஸ்ரவந்தியின் பிரசவத்தின்போது கட்டிலடியில் ரத்தம் துடைத்தவள் யாதம்மாதான்.

"ஏம்மா, கிழவின்னு கழிச்சுக் கட்டிட்டீங்களா?"

"இருங்கக்கா, பாக்கறேன்."

அட்டவணையில் ஆளுக்கொரு வரி. 'தெரிந்த வேலை' என்ற கட்டத்துக்குள் எத்தனை வேலை வேண்டுமானாலும் போடலாம். யாதம்மாவின் கட்டத்தில் வார்டு, ஐசியு, ஆபரேஷன் தியேட்டர், சலவை என்று நான்கு இருந்தன. வார்டுக்கு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரி கேட்டதும் மேனேஜர் நர்சிங் ராவ் தானே பெயர்களை வடிகட்டியிருக்கிறார். கட்டத்துக்குள் வார்டும் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர், கட்டத்தில் வார்டு மட்டுமே இருக்கிறதா என்று கேட்டுவைத்திருக்கிறார். ஒரே வேலை தெரிந்தவர்கள் தேறினார்கள்; நாலும் கற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஸ்ரவந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளறைக்குப் போனாள்.

"சார், ஒரு சொல்லை மாத்தினா போதும். எல்லாரும் வந்துடுவாங்க."

நர்சிங் ராவ் டீயை ஊதிக் குடித்தார். "எதுக்கு? நாலு வேலை தெரிஞ்சவளுக்குக் கூலி ஜாஸ்தி. தப்பா போட்டதும் நல்லதுக்குத்தான். இனி தினம் இதேதான் ஓடும்."

"அவங்க என்ன சார் பாவம் பண்ணாங்க? வேலை கத்துக்கிட்டதா?"

"அதுல கை வெச்சுப் பாரு. அப்புறம் நீயும் வாசல்லதான் நிப்ப."

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். யாதம்மா திரையை முறைத்தாள்.

"அப்ப மத்த மூணையும் அழிச்சிடு."

"ஐசியு கூலி போயிடும்க்கா. மறுபடி ஏத்த விடமாட்டாரு."

"அவன் வாயில மண்ணு விழ! வீட்ல உலை வைக்கணும், அழி."

ஸ்ரவந்தி சலவையை அழித்தாள். தியேட்டரை அழித்தாள். ஐசியுவில் விரல் நின்றது. ஆசிட் அரித்து நகம் கறுத்த விரலொன்று பக்கத்திலிருந்து நீண்டு திரையைத் தட்டியது. அதையும் அழித்தாள்.

வடிகட்டியை மறுபடி ஓட்டியதும் யாதம்மாவின் பெயர் வந்தது, புதுப் பெண்கள் எல்லாருக்கும் கீழே.

ஸ்ரவந்தி நிமிர்ந்து பார்த்தாள். கதவருகே மற்றப் பழைய ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றிருந்தார்கள்.

"எனக்கு அஞ்சு இருக்கும்மா," என்றாள் முதலில் நின்றவள். "எனக்கும் அழிச்சிடு."